சீல் மாற்றினால் போதுமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது ஆளாளுக்கு ஒரு தலைப்பு சொன்னார்கள். ராக்கெட் என்றான் ஒருவன். ரோபோ என்றான் இன்னொருவன். மின்சாரக் கார் என்றாள் முன்பெஞ்சுத் தோழி. நான் "ஆயில் சீல்" என்றேன். வகுப்பே சிரித்தது. "என்னல சீலு, கவருக்கு ஒட்டுற சீலா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வேறு. சிரித்தவர்கள் தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டு மறுபடியும் சிரிக்கட்டும்.

நான் எழுதப் போவது சின்ன டிராக்டர்களின் முன் அச்சில் ஆயில் ஒழுகுவதைப் பற்றி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுகுகிற சீலைக் கழற்றிப் புது சீல் போடுவதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல. அது ஏன் ஒழுகியது என்று கண்டுபிடித்து, அந்தக் காரணத்தைச் சரிசெய்வதுதான் ரிப்பேர். நம் பக்கத்தில் பெரும்பாலும் முதல் வேலையோடு நின்றுவிடுகிறோம். அதற்கான செலவை யார் தலையிலாவது கட்டிவிடுகிறோம். எங்கள் வீட்டில் அது என் அப்பா தலையில் விழுந்தது.

தாமிரபரணிப் பாசனத்தைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். இடையிடையே வாழை. வயல்கள் சின்னச் சின்னதாகத் துண்டுபட்டுக் கிடக்கின்றன. வரப்பு குறுகல், வாழைக்கு நடுவே இடைவெளியும் குறுகல். ஆகவே பெரிய டிராக்டர் நுழைய முடியாத இடத்துக்கு 20 முதல் 30 குதிரைத்திறன் உள்ள சின்ன டிராக்டர் வந்துவிட்டது. அவற்றில் பல நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. தொளி உழவுக்கு அதுதான் தோது. பின்சக்கரம் சேற்றில் சுழன்றாலும் முன்சக்கரம் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. முன்சக்கரம் சும்மா உருளுகிற டிராக்டரில் ஹப்புக்குள் பேரிங், கிரீஸ், சேறு புகாமல் ஒரு சீல், அவ்வளவுதான். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் அச்சுக் கூட்டுக்குள்ளேயே கியர்கள் இருக்கின்றன. கூடு நிறைய ஆயில். நடுவில் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் சீல், சக்கரம் திரும்பும் மூட்டில் சீல், ஹப்பில் சீல். இத்தனையும் தரைக்கு ஒன்றரை அடிக்குள். தொளி உழும்போது ஹப் முழுவதும் சேற்றுக்குள் இருக்கும். உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வரக்கூடாது, வெளியே இருக்கும் சேறும் தண்ணீரும் உள்ளே போகக்கூடாது. இரண்டையும் தடுப்பது இருநூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு ரப்பர் வளையம்!

என் தாத்தா மாட்டு வண்டி ஓட்டியவர். வண்டியின் இருசுக்கு மை போடுவார். மை வழிந்து குடத்தில் ஒழுகினால் துடைத்துவிட்டு மறுபடி போடுவார். அதில் நஷ்டம் எதுவும் இல்லை. டிராக்டர் அச்சு அப்படி இல்லை. ஆயில் குறைந்தால் கியர் பல் தேயும், பேரிங் போகும். தண்ணீர் புகுந்தால் உள்ளே துருப்பிடிக்கும். அப்புறம் இருநூறு ரூபாய்க் கணக்கு பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் சீமையில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். எங்கள் ஊர் சீவலப்பேரிக்குக் கிழக்கே, சிற்றாறு தாமிரபரணியில் சேரும் இடத்துக்குக் கீழே இருக்கிறது. இரண்டு ஆற்றுத் தண்ணீரும் எங்களுக்குத்தான். அப்பா கூலிக்கு ஓட்டும் டிராக்டர் இரண்டு நாள் ஷெட்டிலேயே தண்ணீருக்குள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் என்ஜின் ஆயில் மாற்றினார்கள், டீசல் மாற்றினார்கள், ஃபில்டர் மாற்றினார்கள். வண்டி ஸ்டார்ட் ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம். முன் அச்சுக்குள்ளும் ஆயில் இருக்கிறதே என்ற ஞாபகம் ஒருவருக்கும் வரவில்லை.

2024 பிசானத்துக்குத் தொளி உழவு மும்முரமாக நடந்தபோது வலது முன்சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து சீல் மாற்றினார். "எதுக்கும் கொஞ்சம் கூடவே ஊத்துதேன்" என்று ஆயிலும் ஊற்றினார். ஒன்பதாவது நாள் மறுபடி ஒழுகியது. வண்டிக்காரர் அண்ணாச்சிக்குக் கோபம். "நீரு வரப்புல மோதி மோதி ஏத்துனா சீல் என்னத்துக்கு ஆகும்?" என்று அப்பாவைக் கேட்டார். செலவைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அப்பா பதில் பேசவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம்தான் சொன்னார். "ஏல, நீதான் இஞ்சினீயருக்குப் படிக்கியே. நீயே அதைப் போட்டுப் பாரேன். மெக்கானிக் கூலியாவது மிஞ்சும்."

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மெஷின் டிராயிங்கில் ஸ்டஃபிங் பாக்ஸ் வரைந்து நல்ல மார்க் வாங்கியவன் அல்லவா? ஆயில் ஒழுகாமல் தடுக்கும் உறுப்பின் இலக்கணத்தை இரண்டு மார்க்குக்குத் தூக்கத்தில்கூட எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை போய் வேலையை ஆரம்பித்தேன். பழைய சீலை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்துத் தூக்கி எறிந்தேன். புது சீலை வைத்து, உளியால் ஒரு பக்கம் ஒரு தட்டு, மறுபக்கம் ஒரு தட்டு என்று அடித்து இறக்கினேன். அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

நான் போட்ட சீல் நான்காவது நாளே ஒழுகியது.

மெக்கானிக் போட்டதே ஒன்பது நாள் நின்றதே! அண்ணாச்சி இந்தத் தடவையும் சம்பளத்தில் பிடித்தார். இரண்டும் சேர்த்து 2,800 ரூபாய். முதல் தடவை அப்பா செய்யாத தப்புக்கு. இரண்டாவது தடவை நான் செய்த தப்புக்கு.

திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்பில் பயிற்றுநர் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "பழைய சீல் எங்கேப்பா?" என்று மட்டும் கேட்டார். எறிந்துவிட்டேன் என்றேன். "போ, தேடி எடுத்துட்டு வா. அதுலதான் எல்லாம் எழுதியிருக்கு" என்றார்.

நண்பர்களே, அன்று நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஆயில் சீலில் ஷாஃப்டைத் தொடும் ரப்பர் ஓரத்தை உதடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். வெளியே இரும்பு வளையம். உதட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே மயிரிழையிலும் மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரை உதடு தேயாது. கழற்றிய சீலைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். உதடு இறுகி வெடித்திருந்தால் சூடு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சீல் சாய்வாக இறங்கியிருக்கிறது, அல்லது பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது. உதட்டில் வெட்டு இருந்தால் மாட்டும்போது ஷாஃப்டின் பல்லில் பட்டிருக்கிறது. வெளிப்பக்கம் அராவியது போல இருந்தால் சேற்று மணல். வைக்கோலோ, நைலான் நூலோ சுற்றிக் கிடந்தால் அதுவும் ஒரு காரணம்.

நான் போட்ட சீல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. உளியால் அடித்ததில் சாய்ந்து இறங்கியிருக்கிறது. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெக்கானிக் போட்ட சீல் சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்து, உதடு இறுகிப் போயிருந்தது. சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரீதரைப் பாத்தியா?" என்று கேட்டார்.

அச்சுக் கூட்டின் மேல் சின்ன மூடி போல ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் காற்று வெளியே போய் வருவதற்கான மூக்கு அது. அதுதான் பிரீதர். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தேன். வெள்ளத்தில் வந்த வண்டல் காய்ந்து, சிமெண்ட் பூசியது போல அடைத்துக் கிடந்தது. அப்பா அரை மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு வந்தார். பிரீதரை மெதுவாகத் தளர்த்தினேன். புஸ்ஸென்று காற்று வந்தது! லெவல் பிளக்கைத் திறந்தால் ஆயில் தானாகவே வழிந்தது. பால் ஊற்றிய டீயின் நிறம். அதாவது ஆயிலும் கூடுதல், அதில் தண்ணீரும் கலந்திருக்கிறது.

ஹாஸ்டலுக்கு வந்து நோட்டில் கணக்குப் போட்டேன். 5 லிட்டர் கொள்ளும் கூடு என்று வைத்துக்கொள்வோம். 4 லிட்டர் ஆயில், 1 லிட்டர் காற்று. காலையில் 30 டிகிரி, உழும்போது 70 டிகிரி. மூக்கு அடைபட்டிருந்தால் காற்றின் அழுத்தம் அந்தச் சூட்டினால் மட்டும் 13 சதவீதம் கூடும். ஆயிலும் டிகிரிக்குச் சுமார் 0.07 சதவீதம் விரிந்து காற்றின் இடத்தைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து 27 சதவீதம். இதுவே "எதுக்கும் கூட" என்று நாலரை லிட்டர் ஊற்றியிருந்தால் 51 சதவீதம்! அந்த அழுத்தம் உதட்டை ஷாஃப்டோடு நெருக்கிப் பிடிக்கிறது. ஆயில் படலம் அறுந்து, சூடாகி, உதடு தேய்கிறது. அப்புறம் சூடான வண்டி அப்படியே வாய்க்காலில் இறங்கிக் குளிக்கிறது. உள்ளே காற்று சுருங்குகிறது. வெளியிலிருந்து அழுத்தம் வந்தால் உதடு எளிதாகத் தூக்கிக் கொடுத்துவிடும். சேற்றுத் தண்ணீர் உள்ளே போகிறது. இப்படியே உழவுக்கு உழவு நடந்தால் எந்தக் கம்பெனி சீல் நிற்கும், சொல்லுங்கள்?

மூன்றாவது தடவை முறையாகச் செய்தோம். பழைய ஆயிலை முழுக்க வடித்தோம். பிரீதரை டீசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்தோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். பேரிங்கில் ஆட்டம் இல்லை. ஷாஃப்டில் உதடு ஓடும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், தட்டியது. மெல்லிய பள்ளம். இடம் இருந்ததால் சீலை இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே இறக்கி, உதடு புது இடத்தில் ஓடும்படி செய்தோம். (பள்ளம் ஆழமாக இருந்தால் மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும்.) ஷாஃப்டின் பல்லுக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றினோம். உதட்டுக்கு ஆயில் தடவினோம். உளிக்குப் பதில் சீலின் அளவுக்கே ஒரு பைப் துண்டு. சுற்றிலும் ஒரே சீராக இறங்கியது. லெவல் பிளக் வரை ஆயில், அதற்கு மேல் ஒரு சொட்டுகூட இல்லை.

2025 கார் முழுவதும் ஓடியது. இன்றுவரை ஒழுகவில்லை.

அண்ணாச்சியிடம் போய் பிரீதரைக் காட்டி விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "சரிதாம்ப்பா, விவரமாத்தான் சொல்லுத. ஆனா அந்தக் கணக்கு முடிஞ்சு போச்சே" என்றார். 2,800 ரூபாய் திரும்ப வரவில்லை. அப்பா "விடுல, வண்டி ஒழுகல, அது போதும்" என்றுவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணாச்சியைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. கையேடு ஆங்கிலத்தில் இருந்தது, அதுவும் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் ஷெட்டில் தொங்கியது. அவருக்கும் யாரும் சொல்லவில்லை, மெக்கானிக்குக்கும் யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? தெரியாமை எல்லோரிடமும் இருந்தது. தண்டனை மட்டும் கீழே இருந்தவருக்கு.

"சீல் என்றால் தேயத்தான் செய்யும், அதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கலாம். தேயும்தான். ரப்பருக்கு ஆயுள் உண்டு. ஆனால் ஒன்பது நாளில் தேய்ந்தால் அது ஆயுள் முடிந்து போனது அல்ல. "சேற்றில் ஓடும் வண்டி ஒழுகாமல் இருக்குமா?" என்றும் கேட்கலாம். மத்தியப் பிரதேசம் புத்னியில் 1955 முதல் இயங்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையத்தில் டிராக்டரைச் சேற்றிலும் ஓட்டிச் சோதிக்கிறார்கள். சேறோ தண்ணீரோ உள்ளே புகுந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். சேற்றில் ஓடினாலும் உள்ளே புகக் கூடாது என்பதுதான் அங்கே எதிர்பார்ப்பு. அங்கே புகாதது இங்கே புகுந்தால், நடுவில் நாம் எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்றுதானே அர்த்தம்?

இன்னொன்றும் இருக்கிறது. ஒழுகிய ஆயில் எங்கே போகிறது? வயலுக்கு. வயலிலிருந்து வாய்க்காலுக்கு. வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கு. நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான்.

சரி, நாம் என்ன செய்யலாம்? என் தாழ்மையான யோசனைகள் நான்கு.

ஒன்று, நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய முன் அச்சு வாங்கிப் போட வேண்டும். மெக்கானிக்கல் படிக்கும் ஒவ்வொருவரும் வெளியே போவதற்குள் ஒரு சீலையாவது தன் கையால் கழற்றி மாட்டியிருக்க வேண்டும். ஆயில் ஊற்றி, சுற்றிவிட்டு, அடுத்த வாரம் ஒழுகவில்லை என்றால்தான் மார்க்!

இரண்டு, பிசானத்துக்கு முன்பு, புரட்டாசியில், யூனியன் சார்பில் இரண்டு மூன்று கிராமங்களில் ஒரு நாள் முகாம் நடத்தலாம். பெரிய செலவு இல்லை. பிரீதரைத் துடைப்பது, ஆயில் அளவும் நிறமும் பார்ப்பது, சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பது, ஹப்பில் சுற்றிய வைக்கோலையும் நூலையும் எடுப்பது, இவ்வளவுதான். ஒரு வண்டிக்கு இருபது நிமிஷம். வாட்டர் சர்வீஸ் பண்ணும்போது சீலுக்கு நேராகத் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், சூடான வண்டியை உடனே தண்ணீரில் இறக்காதீர்கள் என்று நேரில் சொல்லலாம்.

மூன்று, டிராக்டர் கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள். கையேட்டைத் தமிழில் கொடுங்கள். அது முடியாவிட்டால் பிரீதருக்குப் பக்கத்தில் "இதைச் சுத்தமாக வையுங்கள்" என்று தமிழில் ஒரு ஸ்டிக்கராவது ஒட்டுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் என்ஜினோடு நிறுத்தாமல் முன் அச்சு ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள்.

நான்கு, டிராக்டர் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு. ஒழுகினால் முதலில் காரணத்தைத் தேடுங்கள். காரணம் தெரியாமல் டிரைவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில், நோயைத் தெரிந்துகொள்வதோடு நிற்காமல் அதன் மூலத்தையும் தேடிப் பார்த்து அப்புறம் வைத்தியம் செய்யச் சொல்கிறார். அது வைத்தியருக்குச் சொன்னது. ஸ்பேனர் பிடிக்கும் நமக்கும் அதுவே பொருந்தும். சீல் மாற்ற இந்தச் சீமையில் ஆள் நிறைய உண்டு. ஏன் ஒழுகியது என்று சொல்லத்தான் ஆள் குறைவு. அதைச் சொல்லத் தெரிந்தவர்களாக நாம் வெளியே போக வேண்டாமா?

முதல் முகாமை எங்கள் ஊரில் வைத்துக்கொள்ளலாம். டார்ச் பிடிக்க என் அப்பா தயார். உளி மட்டும் யாரும் கொண்டு வராதீர்கள்!

— மூன்றாமாண்டு மாணவன்,
இயந்திரவியல் பிரிவு